வேலையில் இருந்துகொண்டே அப்ரண்டிஸ் பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கணக்குப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இப்போது அலுவலகத்திலேயே டேட்டா அனலிடிக்ஸுக்கு (தரவுகளை அலசிப் பயனுள்ள தகவல் எடுக்கும் வேலை) அப்ரண்டிஸ் பயிற்சி, அதாவது வேலை செய்துகொண்டே தொழில் கற்கும் பயிற்சி, தருகிறார்கள். சம்பளம் குறையாது, பயிற்சிச் செலவும் நிறுவனத்துடையது. சேர மிகவும் ஆசைப்படுகிறேன்.

என் பெரிய கவலை நேரம்தான். வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கு என்று தாளில் இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் அது உண்மையிலேயே கிடைக்குமா? அந்த நாளில் நம் வழக்கமான வேலையை யார் பார்ப்பது என்று மேலாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எப்படிக் கேட்டீர்கள்?

பாதியில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாதங்கள் போகப் போக அந்தத் தொகை குறையும்படி பேசி மாற்ற முடியுமா?

அப்புறம், கற்றதைச் செய்துபார்க்க நிஜ வேலை தராவிட்டால் இது வெறும் வகுப்பாகிவிடும். அப்ரண்டிஸ் முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. வழிகாட்டியாக வருபவரிடம் தொடக்கத்திலேயே என்னவெல்லாம் பேசி வைக்க வேண்டும்?

35 வயதுக்கு மேல் இப்படிப் படித்தவர்கள், இடையில் விட்டவர்களும்கூட, நடந்ததை எழுதுங்கள். இந்த வார இறுதிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.