காட்பாடி வீட்டு ஷெட்டுக்கு எந்த வெல்டிங் மெஷின்?

காட்பாடிக்காரன்:
வீட்டுக்குப் பின்னால் ஷெட் இருக்கிறது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சிங்கிள் பேஸ் லைன். கேட், பூந்தொட்டி ஸ்டாண்டு, மாடிப்படி கைப்பிடி என்று சொந்த வேலைகள்தான். பெரும்பாலும் 16 கேஜ் சதுர பைப். வேலூர்க் கடையில் ராடு வைத்து ஒட்டும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷினைக் காட்டி, “கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்” என்கிறார்கள். கேஸ் இல்லாத மிக் (ராடுக்குப் பதில் கம்பி தானாக ஓடிவரும் மெஷின்) வாங்கு என்கிறான் மச்சான். எதை எடுக்கலாம்?

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
தம்பி, 16 கேஜ் என்றால் 1.6 மில்லி கனம். 2.5 மில்லி 6013 ரக வெல்டிங் ராடுக்கு 60, 70 ஆம்பியர் போதும். 90-ல் வைத்தால் பைப் ஓட்டைதான். கை பழகும்வரை 2 மில்லி ராடு வாங்குங்கள்.

அதற்காக 200 வீண் என்று சொல்லவில்லை. டியூட்டி சைக்கிளை, அதாவது எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்பதைப் பாருங்கள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். அதுவும் 40 டிகிரி வெயிலுக்குப் போட்ட கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர் அதைத் தாண்டிவிடும், உங்கள் ஷீட்டுக்கு அடியில் கேட்கவே வேண்டாம். அதனால் கொஞ்சம் பெரிய மெஷினாக வாங்கிக் குறைவாக ஓட்டுவதே நல்லது. ஆனால் மலிவுப் பெட்டிகளில் 200 என்பது வெறும் பெயிண்ட். பின்பக்கத் தகட்டில் 100 சதவீதத்துக்கு, அதாவது நிறுத்தாமல் ஓட்ட, எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். நூறுக்கு மேல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். தகடே இல்லையென்றால் கடையை மாற்றுங்கள்.

16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் இரண்டும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்றால் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு.

குடியாத்தம் லேத்:
கேஸ் இல்லாத மிக் மெல்லிய தகட்டுக்கு நன்றாகத்தான் இருக்கும், காற்றடித்தாலும் கவலையில்லை. ஆனால் புகையும் தெறிப்பும் அதிகம். டார்ச், அதாவது கம்பி வரும் கைப்பிடி, மெஷினில் நெகட்டிவ் முனையில் இருக்க வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. கம்பியும் ராடை விட விலை. முதல் மெஷின் ஆர்க்காகவே இருக்கட்டும்.

காட்பாடிக்காரன்:
நன்றி அண்ணா. வாங்கி வைத்த பைப் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), பரவாயில்லையா?

ராணிப்பேட்டை ஃபிட்டர்:
ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சை கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்ஜுரம் வரும். ஷட்டரைத் திறந்து வையுங்கள், அப்புறம் ஸ்கூட்டரையும் வெளியே தள்ளிவிடுங்கள். பெட்ரோல் இருக்கிற இடத்தில் பொறி பறக்கக் கூடாது.