மொரிஸ் மைனர்: எஞ்சின் 1098, ஆனால் வேகம் எடுத்தால் அலறுகிறது. ஆக்சில் விகிதம் பற்றி ஒரு சந்தேகம்

மட்டுவிலான்:
வணக்கம். மாமாவிடமிருந்து எங்களுக்கு வந்த மொரிஸ் மைனர் இது. பதிவுப் புத்தகத்தில் 1955 என்று இருக்கிறது. முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். கதவுத் தூணிலிருந்து கைகாட்டி எழும்பும். ஆனால் எஞ்சின் தகட்டில் எண் 10எம்ஏ என்று தொடங்குகிறது. அது 1098 சிசி எஞ்சின் என்று கராச்சில் சொன்னார்கள். எஞ்சினில் குறை இல்லை. புகையும் இல்லை, எண்ணெயும் குடிப்பதில்லை.

சிக்கல் ஓட்டத்தில்தான். முதலாம் கியரைப் போட்ட கையோடு இரண்டாம் கியர் கேட்கிறது. நான்காம் கியரில் 70 கிலோமீற்றரைத் தாண்டினால் இன்னும் ஒரு கியர் மிச்சம் இருக்கிறதோ என்று கை தடியைத் தேடுகிறது. ஏ9 வீதியில் வவுனியா போய்ச் சேர்வதற்குள் காது அடைத்துவிடுகிறது. வேகமானியும் ஒத்துவரவில்லை. அது மைலில் காட்டுவது. முள் 40இல் நிற்கும்போது கைப்பேசி 50 கிலோமீற்றர் என்கிறது. 40 மைல் என்றால் 64 கிலோமீற்றர் அல்லவா? ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டினார். இன்னொருவர் கிளட்ச் வழுக்குகிறது, மாற்ற வேண்டும் என்கிறார்.

பின் ஆக்சிலைப் பார்ப்போம் என்று இடது பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, சக்கரத்தை 20 முறை சுற்றினேன். கியர்பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் தண்டு, அதாவது புரொப்பலர் ஷாஃப்ட், 54 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது. வகுத்தால் ஏறக்குறைய 2.7. மைனரில் இப்படி ஒரு விகிதம் உண்டா?

குரோய்டன் தம்பி:
2.7 எந்த மைனரிலும் வரவில்லை. கிளட்சை மாற்றிப் பாருங்கள் அண்ணை.

பழைய கராச்:
கிளட்சில் இப்போது கை வைக்க வேண்டாம். வேகமானியின் கேபிள் கியர்பெட்டியின் பின்பக்கத்திலிருந்து, அதாவது கிளட்சைத் தாண்டிய பிறகுதான் புறப்படுகிறது. கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் மட்டும் வீணாகச் சுற்றும். முள்ளுக்கும் கைப்பேசிக்கும் இடையில் வித்தியாசம் வராது. உங்களுக்கு வித்தியாசம் வருகிறது. ஆகவே குற்றவாளி கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறான், அல்லது வேகமானியே வேறு வண்டியுடையது.

அளந்தது சரிதான், கணக்கில் ஒரு படி மிச்சம் இருக்கிறது. ஒரு சக்கரம் தரையில் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல், சக்கரத்தின் பாதி அளவுதான் சுற்றும். இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே. ஆகவே சக்கரத்தின் 20 சுற்று, கிரவுன் வீலுக்கு 10 சுற்று. 54ஐ 10ஆல் வகுத்தால் 5.4. இது 8 பல் பினியன் (கிரவுன் வீலைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்), 43 பல் கிரவுன் வீல் ஜோடி. சரியான விகிதம் 5.375. 20 சுற்றுக்கு 53.75 வர வேண்டும். "54க்குச் சற்றுக் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். சோக்கட்டியால் கோடு போட்டு நிதானமாக எண்ணியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

உங்கள் வண்டி சீரீஸ் டூ. 1952 முதல் 1956 வரை வந்த அந்த மைனருக்கு 803 சிசி எஞ்சின், 30 குதிரைத்திறன். அந்தச் சிறிய எஞ்சின் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏற வேண்டுமே என்றுதான் 5.375 கொடுத்தார்கள். 1956இல் ஒற்றைக் கண்ணாடியோடு மைனர் 1000 வந்தது. அதற்கு 948 சிசி, விகிதம் 4.55. 1962இல் 1098 சிசியும் 48 குதிரைத்திறனும் வந்தபோது 4.22 ஆக்கினார்கள். எண் பெரிதானால் இழுவை கூடும், ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். ஆகவே எஞ்சின் வளர வளர எண் இறங்கியது. உங்கள் மாமாவோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ பிந்திய வண்டி ஒன்றின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் வேகமானியையும் சேர்த்து இறக்கி இதில் பூட்டிவிட்டார்கள். ஆக்சில் மட்டும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது.

சரிபார்க்க: 5.375ஐ 4.22ஆல் வகுத்தால் 1.27. முள் காட்டும் 40 மைலை அதனால் வகுத்தால் 31 மைல் சொச்சம், அதாவது 50 கிலோமீற்றர். கைப்பேசி பொய் சொல்லவில்லை.

குரோய்டன் தம்பி:
அப்படியானால் ஒரேயடியாக 3.9 போட்டுவிடலாமே? பிந்திய எம்ஜி மிட்ஜெட்டின் டிஃபரன்ஷியல் அப்படியே மைனரில் உட்காரும். இங்கே இங்கிலாந்தில் பலர் அதைத்தான் போட்டு ஓடுகிறார்கள்.

பழைய கராச்:
உட்காரும், மறுக்கவில்லை. ஆனால் அது மிட்ஜெட்டின் 1275 எஞ்சினுக்கு வந்தது. இங்கே நம் ஊரில் குடும்பம், சாமான், ஆட்டோ ஊர்கிற வீதி. 3.9 போட்டால் நான்காம் கியரில் மெதுவாகப் போக விடாது, மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் அல்லாட வேண்டிவரும். மோட்டர்வேயில் ஓடுகிறவருடைய கணக்கு வேறு. 145 அகல ரேடியல் டயரில் 80 கிலோமீற்றருக்கு 5.375இல் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றை ஒட்டி ஓடும், 4.22இல் 3100 சொச்சம். அந்த அமைதி போதும்.

மட்டுவிலான்:
மிக்க நன்றி ஐயா. கொடிகாமத்தில் உடைத்த மைனர் ஒன்றின் ஆக்சில் கிடக்கிறது. அதைப் பார்த்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஆக்சிலை முழுதாக மாற்ற வேண்டுமா?

பழைய கராச்:
முழுதாகத் தேவையில்லை. டிஃபரன்ஷியல் ஆக்சிலின் முன்பக்கமாகக் கழன்று வரும். முதலில் உங்கள் ஆக்சிலைக் குனிந்து பாருங்கள். டிஃபரன்ஷியலைப் பிடிக்கும் நட்டுகள் முன்பக்கத்தில் வட்ட வரிசையாக இருக்க வேண்டும். 1948இல் வந்த சீரீஸ் எம்எம் வண்டியின் ஆக்சில் வேறு மாதிரி, அதோடு இது சேராது.

பழைய சாமானில் கிரவுன் வீலின் விளிம்பில் பல் கணக்கைக் குத்தியிருப்பார்கள். 9/38 என்றால் 4.22. 9/41 என்றால் 4.55, அதுவும் மோசமில்லை. எழுத்து தேய்ந்திருந்தால் பல்லையே எண்ணுங்கள். கூட்டோடு சேர்த்து ஒரே துண்டாக வாங்குங்கள். கிரவுன் வீலையும் பினியனையும் தனியே உருவி உங்கள் கூட்டில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். பினியனின் ஆழத்தை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். நூலளவு பிசகினாலும் வாழ்நாள் முழுக்க ஊளையிடும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை நம்பிக் கீழே படுக்க வேண்டாம். எண்ணெயை வடித்து, டிரம்மைக் கழற்றி, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஹாஃப் ஷாஃப்டையும் சில அங்குலம் வெளியே இழுத்து, புரொப்பலர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டை அவிழ்த்தால் டிஃபரன்ஷியல் முன்னால் வந்துவிடும். பாரமானது, கீழே தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். திருப்பிப் பூட்டும்போது ஹப்பின் காஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே வைத்தால் எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவை நனைக்கும். ஆக்சிலுக்கு ஒன்றரை பைன்ட், ஏறக்குறைய 850 மில்லிலீற்றர், 90 ஹைபோயிட் கியர் எண்ணெய்.

பிரேக்கையும் பாருங்கள். 1098 வண்டிக்கு முன்னால் 8 அங்குல டிரம் கொடுத்தார்கள். சீரீஸ் டூவில் 7 அங்குலம். இதுவரை சத்தமே உங்களை மெதுவாக ஓட வைத்தது. இனி அந்தத் தடை இருக்காது. உடைத்த வண்டியில் முன் டிரம் தொகுதியும் இருந்தால் சேர்த்தே விலை பேசுங்கள்.

மட்டுவிலான்:
பார்த்துவிட்டு வந்தேன். 9/38 தெளிவாகத் தெரிகிறது, பல்லில் குழி இல்லை. 8 அங்குல டிரம்மும் கிடைத்தது, ஆனால் அதன் பிரேக் சிலிண்டர் ஒன்று இறுகிப்போயிருக்கிறது. பூட்டிய பிறகு வேகமானியை மாற்ற வேண்டுமா?

பழைய கராச்:
வேண்டாம். அந்த வேகமானி 4.22க்கு உரியதாகத்தான் இருக்கிறது, தானாகச் சரியாகிவிடும். வீல் சிலிண்டரைப் புதிதாகவே வாங்குங்கள்.

பதுளைக்காரன்:
அண்ணை, கழற்றுகிற 8/43ஐ இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் இன்னும் 803 எஞ்சினோடு ஓடுகிற சீரீஸ் டூ இருக்கிறது. பினியன் தேய்ந்து போய்விட்டது. எங்கள் மலைப்பாதைக்கு அந்த விகிதம்தான் வேண்டும். விலையைச் சொல்லுங்கள்.

மட்டுவிலான்:
விலை பிறகு பேசுவோம். பல்லின் படத்தை முதலில் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பஸ்ஸில் போட்டு அனுப்பலாமா?

பதுளைக்காரன்:
அனுப்பலாம். எண்ணெயை நன்றாக வடித்துவிட்டுச் சாக்கில் கட்டுங்கள், இல்லையென்றால் நடத்துனர் ஏற்றமாட்டார்.