ஆறு பையன்களுக்கு மட்டும் எஃப்எம்ஆர்1 பேண்டு வரவில்லை: மாதிரியில் கோளாறா, பொது ஆய்வகத்தில் கோளாறா?

குடியாத்தம் தாரணி:
எல்லோருக்கும் வணக்கம். வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் யாருக்கு ஃப்ரஜைல் எக்ஸ் (எஃப்எம்ஆர்1 என்ற ஜீனில் வரும் மரபணுக் கோளாறு) இருக்கிறது என்று பார்ப்பது என் ஆய்வு. எங்கள் துறையில் இருப்பது டிஎன்ஏவைப் பெருக்கும் ஒரு பழைய பிசிஆர் மெஷினும் ஜெல் டேங்கும்தான். அதனால் டிஎன்ஏவை நானே பிரித்தெடுத்து, மற்ற வேலைக்கு வெளியே ஒரு பொது ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தேன்.

மொத்தம் 38 பையன்கள். 32 பேருக்கு 300 பேஸ் அளவில் பேண்டு (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) அழகாக வந்திருக்கிறது. 6 பேருக்கு ஒன்றுமே இல்லை. அறிக்கையில் "பெருக்கம் இல்லை" என்று ஒரே வரி. முழு மியூட்டேஷன் (ஜீன் மிக நீண்டு நோய் வரும் நிலை) என்றால் பிசிஆரில் வராது, எனவே ஆறுமே பாசிட்டிவ் என்று எழுதிவிடலாம் என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

டிஎன்ஏ சுத்தம் பார்க்கும் நானோடிராப் கருவியில் எல்லா மாதிரியும் 1.8 காட்டியது, அது நல்ல அளவுதான். ரத்தம் எடுத்தது குடியாத்தம் பக்கம் முகாம்களில், மே மாத வெயிலில். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சூட்டில் கெட்டுப்போயிருக்குமா? அந்த ஆறு பேரில் ஒரு பையனின் அம்மா வாராவாரம் போன் செய்து, "என் புள்ள ரத்தத்துல என்னம்மா தெரிஞ்சுது?" என்று கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

காட்பாடி ஜெல்காரன்:
வெயிலை விடுங்கள். ஐஸ் பெட்டியில் ஒரு நாள் இருந்த ரத்தத்தில் டிஎன்ஏ கெட்டுப்போகாது. சந்தேகம் என்றால் அந்த ஆறையும் 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். மேலே ஒரே கட்டியாக நின்றால் டிஎன்ஏ முழுசாக இருக்கிறது; கீழே வரை புகை மாதிரி இழுத்தால் உடைந்திருக்கிறது. அப்புறம், அதே டியூபில் இன்னொரு ஜீனைக் கட்டுப்பாட்டுக்காகச் சேர்த்து ஓட்டினார்களா?

குடியாத்தம் தாரணி:
ஜெல்லில் ஆறும் கட்டியாகவே நிற்கின்றன அண்ணா. கட்டுப்பாட்டு ஜீன் போடவில்லையாம். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார்கள்.

பொதுலேப் முருகன்:
பொது ஆய்வகம் ஒன்றில் பதினைந்து வருடமாக மாதிரி வாங்கி வைப்பவன் நான். தாரணி, உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். ஆறு பேரையும் பாசிட்டிவ் என்று எழுதாதீர்கள்.

எஃப்எம்ஆர்1 ஜீனின் தொடக்கத்தில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 44 வரை இயல்பு. 55 முதல் 200 வரை முன்மியூட்டேஷன். 200-ஐத் தாண்டினால் முழு மியூட்டேஷன். அப்போது ஜீனில் மெத்தில் என்ற வேதிக்குறி ஏறி அது அணைந்துவிடும், மூளைக்கு வேண்டிய புரதம் உருவாகாது. அத்தனை நீளமான சிஜிஜியைச் சாதாரண பிசிஆர் தாண்டாது என்பது உண்மை. ஆனால் பேண்டு வராமல் போக வேறு காரணங்களும் உண்டு: கடினமான பகுதியைப் பெருக்க உதவும் பீட்டேன் போடாத கலவை, பெருக்கத்தைத் தொடங்கும் பிரைமர் ஒட்டும் இடத்தில் மாற்றம், நொதியைத் தடுக்கும் அசுத்தம். அதே டியூபில் இன்னொரு ஜீன் பெருகியிருந்தால்தான் "இந்த டிஎன்ஏ நல்லது, எஃப்எம்ஆர்1 மட்டும் வரவில்லை" என்று சொல்ல முடியும். எண்ணிக்கையையும் பாருங்கள். இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று பேருக்குத்தான் பொதுவாக ஃப்ரஜைல் எக்ஸ் கிடைக்கும். 38-ல் 6 என்றால் முதலில் நம் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு கேள்வி. அந்த ஆறு டியூபின் மூடி என்ன நிறம்?

குடியாத்தம் தாரணி:
இப்போதுதான் நோட்டைப் புரட்டினேன். கை நடுங்குகிறது. மே 18 முகாமில் ஊதா மூடி டியூப் தீர்ந்துவிட்டது. கேரியோடைப்புக்கு (குரோமோசோம் பார்ப்பதற்கு) வைத்திருந்த பச்சை மூடி டியூபை எடுத்து நர்ஸக்கா நாலு பேருக்கு ரத்தம் பிடித்தார். ஓரத்தில் பென்சிலால் "ப.மூ." என்று நானே எழுதியிருக்கிறேன். அந்த நாலும் இந்த ஆறுக்குள் இருக்கின்றன. மற்ற இரண்டும் ஊதாதான்.

பொதுலேப் முருகன்:
பச்சை மூடியில் ஹெப்பாரின். குரோமோசோம் பார்க்க செல் வளர்ப்பதற்கு அது சரி, பிசிஆருக்கு எதிரி. டிஎன்ஏ மாதிரியே எதிர்மின்னேற்றம் நிறைந்தது என்பதால் பிரிக்கும்போது கூடவே வந்து, பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும். நானோடிராப்பில் 1.8 காட்டினாலும் உள்ளே ஒளிந்திருக்கும். முதலில் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஹெப்பாரினேஸ் நொதியால் சுத்தம் செய்யுங்கள். நர்ஸைக் கோபிக்காதீர்கள். எந்த மூடி என்று முகாமுக்கு முன்பே யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாதிரி வாங்கும்போது மூடி நிறத்தைக் கேட்காத ஆய்வகத்துக்கும் இதில் பங்குண்டு. நாங்கள் படிவத்தில் முதல் கேள்வியாகவே அதை வைத்திருக்கிறோம்.

குடியாத்தம் தாரணி (ஒன்பது நாள் கழித்து):
நாலு பேருக்கும் பேண்டு வந்துவிட்டது! இயல்பு அளவுதான். கட்டுப்பாட்டு ஜீனாக பீட்டா ஆக்டின் சேர்த்து ஓட்டினேன். மீதி இரண்டு பேருக்கு ஆக்டின் பளிச்சென்று வருகிறது, எஃப்எம்ஆர்1 மட்டும் இல்லை. போன் செய்யும் அம்மாவின் பையன் அந்த இருவரில் ஒருவன்.

பொதுலேப் முருகன்:
இனி ஜெல்லை நம்ப வேண்டாம். டிரிப்ளெட் பிரைம்ட் பிசிஆர் செய்து, டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கேபில்லரி மெஷினில் ஓட்டினால், நீளமான சிஜிஜி இருப்பது வலதுபக்கம் ரம்பப் பல் மாதிரி தேய்ந்துகொண்டே போகும் சிகரங்களாகத் தெரியும். ஜீனில் மெத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க சதர்ன் பிளாட் சோதனை என்றால் உடையாத டிஎன்ஏ சில மைக்ரோகிராம் வேண்டும், இருப்பதை இப்போதே பத்திரப்படுத்துங்கள். எந்த ஊரில் எந்த மெஷினை வெளியாருக்குத் தருகிறார்கள், எவ்வளவு கட்டணம் என்பதை ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். பணம் கட்டும் முன் மெஷினை இயக்குபவரிடம் பத்து நிமிடம் நேரில் பேசிவிடுங்கள். அமெரிக்காவில் 1963-இல் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தில் தொடங்கி அறிவுத்திறன் குறைபாட்டு ஆய்வுக்கென்றே மையங்கள் எழுப்பினார்கள். இன்று அங்கே மரபணு, மூளைப்படம், செல் வளர்ப்பு எல்லாம் பொது வசதியாக ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நமக்கு மூன்று ஊர் அலைய வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேச்சு முக்கியம்.

ஆலோசகர் மெர்சி:
மரபியல் ஆலோசனையில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன் தாரணி. இந்த முடிவை அந்த அம்மாவிடம் போனில் சொல்லிவிடாதீர்கள். ஆய்வுக்காக ஓட்டியது நோயறிதல் ஆகாது. சம்மதப் படிவத்தில் முடிவைத் தெரிவிப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். பிறகு மருத்துவர் வழியாகப் புதிதாக ரத்தம் எடுத்து, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற நோயறிதல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

உறுதியானால் அது பையனோடு நிற்காது. அம்மா முன்மியூட்டேஷன் சுமப்பவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு நாற்பது வயதுக்குள்ளேயே மாதவிலக்கு நின்றுவிடும். அந்த முன்மியூட்டேஷன் அம்மாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்திருந்தால், வயதான பிறகு அந்த அப்பாவுக்குக் கைநடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வரலாம்.

குடியாத்தம் தாரணி:
மேடம், முகாமுக்குப் பையனை அழைத்து வந்தது அந்தத் தாத்தாதான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் சட்டையில் சிந்தியது. வயசானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலோசகர் மெர்சி:
வயதின் நடுக்கமாகவும் இருக்கலாம். நாமே முடிவு கட்ட வேண்டாம். பார்த்ததை மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

குடியாத்தம் தாரணி (மூன்று வாரம் கழித்து):
நெறிமுறைக் குழு அனுமதி கிடைத்தது. கைடும் இப்போது ஒப்புக்கொண்டார், கட்டுப்பாட்டு ஜீன் இல்லாத முடிவு எதையும் எழுதப்போவதில்லை. மரபியல் மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம். அம்மாவிடம் "இன்னொரு தடவை சரியாகப் பார்க்க வேண்டும், டாக்டரே உங்களிடம் பேசுவார்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பாவையும் கூட்டிட்டு வரட்டுமாம்மா?" என்று அவரே கேட்டார். வரச் சொன்னேன். ஊதா மூடி டியூப் ஒரு பெட்டி வாங்கி என் பையிலேயே வைத்திருக்கிறேன்.