யமஹாவா, கோர்க்கா? எதன் சத்தம் நல்லது?

கேள்வி:
கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் கல்யாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசிக்கிறேன். யமஹா எஸ்எக்ஸ்900 எடுக்கவா, கோர்க் பிஏ700 எடுக்கவா அண்ணாமார்? புல்லாங்குழலும் சாக்ஸபோனும் உயிரோடு கேட்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பதில்:
அப்படியென்றால் யமஹாதான் தம்பி. அதில் சூப்பர் ஆர்ட்டிகுலேஷன் என்று, வாசிக்கும் விதத்துக்கேற்ப ஒலி மாறும் குரல்கள் உண்டு. அந்தச் சாக்ஸபோனில் சுரங்களை இடைவெளி இல்லாமல் சேர்த்துப் பிடித்தால் ஒன்றிலிருந்து ஒன்று இழைந்து போகும், விட்டு விட்டு அடித்தால் ஒவ்வொன்றும் புதிதாக ஊதியதுபோல் கேட்கும்.

பதில்:
கோர்க்கின் டிரம்ஸைக் கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். வெள்ளவத்தை மண்டபமொன்றில் 6/8 தாளத்தில் பைலா ஆட்டப்பாட்டுப் போட்டேன், கிக் டிரம் நெஞ்சில் இடித்தது, பேஸ் கிட்டார் தனியாகத் தெரிந்தது. எனக்கு அதுதான் பெரிது.

பதில்:
கடையில் உள் ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோய், ரிவர்ப்பை (எதிரொலி சேர்க்கும் வசதியை) அணைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே பாட்டை வாசித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா, சனிக்கிழமை ஹெட்போனோடு போகிறேன்.