செங்கோட்டைப் பக்கத்துச் சிறிய பலகை வீடு: பிரித்து விற்கலாமா?

கேள்வி (ஆச்சி வீட்டுப் பேரன்):

செங்கோட்டைக்கு அருகே, எங்கள் ஆச்சி பிறந்த ஊரில், சிறிய மர வீடு ஒன்று எங்களுக்குப் பங்காக வந்திருக்கிறது. திண்ணை, பட்டாசாலை, அடுக்களை, அவ்வளவுதான். முழங்கால் உயரக் கருங்கல் கட்டின் மேல், கூரை வரை பலகைகளாலேயே அடைத்திருக்கிறார்கள். வாசல் நிலையின் மேல்சட்டத்தில் '௲௱௮ ஆவணி' என்று வெட்டியிருக்கிறது. 1108 என்று படித்தோம், பொருள் விளங்கவில்லை. பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் தூண்களுக்கும் கதவுக்கும் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். இது ஜமீன் மாளிகை அல்ல. பேர்பெற்றவர் எவரும் இதில் வாழ்ந்ததில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கும் பாரம்பரிய மதிப்பு என்று ஒன்று உண்டா?

பதில் 1 (தென்காசி வாத்தியார்):

தம்பி, அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. ஆவணி மாதத்துக்கு 824 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணியில்தான் அந்த ஆண்டு பிறக்கிறது என்பதால், உங்கள் வீட்டு நிலை 1932 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு இணைந்தது. மலையாள ஆண்டைத் தமிழ் எண்ணில் வெட்டிய அந்த ஒரு வரியில் இந்த எல்லை ஊரின் வரலாறே இருக்கிறது. நிலையைப் பெயர்த்துக் காரைக்குடிக் கடையொன்றில் சாய்த்து வைத்துவிட்டால், வாங்குகிறவருக்கு அது எந்த ஊர் மரம் என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்துச் சிமெண்ட் ஆலையில் உற்பத்தி தொடங்கியது 1949இல்தான். அதற்கு முன், மலையடிவாரத்துச் சாதாரணக் குடும்பம் ஒன்று கல்லையும் சுண்ணாம்பையும் மரத்தையும் கொண்டு எப்படி வீடு கட்டிக்கொண்டது என்பதற்கு உங்கள் வீடு நேர்ச்சாட்சி. கோயிலையும் அரண்மனையையும் பற்றி எழுத ஆள் உண்டு. சம்சாரி வீட்டைப் பற்றி எழுத ஆளில்லாததால், வீடு போனால் செய்தியும் சேர்ந்தே போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

பதில் 2 (தச்சு வேலைக் குடும்பம்):

மதிப்பு வேலைப்பாட்டிலும் இருக்கிறது, அண்ணாச்சி. கதவு கீல் இல்லாமல் குடுமியில், அதாவது கதவு மரத்திலேயே விட்ட முளையில், சுழல்கிறதா, பலகைகள் ஆணியின்றி ஒன்றுக்குள் ஒன்று காடியில், அதாவது விளிம்பில் வெட்டிய பள்ளத்தில், இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அடிச்சட்டத்தை உளிப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் மரத்தின் உள்வைரம் நன்றாக இருக்கிறது, பொத்தென்றால் கறையானோ உளுப்போ உள்ளே போயிருக்கிறது. நம் பக்கத்துச் சாரலில் தெறிக்கும் தண்ணீரால் முதலில் கெடுவது தூணின் கால்தான். கெட்ட ஒரு முழத்தை மட்டும் அறுத்து, அதே சாதி மரத்தில் ஒட்டுக்கால் கொடுத்துவிடலாம். அதற்காகத் தூணையே மாற்ற வேண்டியதில்லை. தூணடியில் சிமெண்ட் பூசியிருந்தால் அதை முதலில் கொத்தி எடுங்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளுக்குள் அழுகும். எனாமல் பெயிண்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை எண்ணெய்தான் பூசுவோம்.

பதில் 3 (கடையநல்லூர் மருமகள்):

சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நினைவுச்சின்னம் என்றால் குறைந்தது நூறாண்டு ஆகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது 2032இல்தான் நிறையும், நிறைந்தாலும் இவ்வளவு சிறிய வீட்டை அவர்கள் எடுப்பது அரிது. ஆகவே முடிவு உங்கள் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அடுக்களையில் புகையில் நின்று சமைக்கும்படி எந்தப் பெண்ணையும் கேட்காதீர்கள். பின்கட்டில் தனியாகச் சமையலறையும் குளியலறையும் கட்டிக்கொண்டு, முன்பகுதியைத் தொடாமல் விடுங்கள். எங்கள் புகுந்த வீட்டில் மொத்தமாகப் பிரித்து விற்றோம். இன்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு புகைப்படம்கூட இல்லை. எதற்கும் முன்பாக எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்தேன். கதவு குடுமிக் கதவுதான். அடுக்களைப் பக்கத்து இரண்டு தூண்கள் மட்டும் பொத்தென்றன. இளகியிருந்த ஒரு பலகையை மெல்ல உருவியபோது, அதன் உள்விளிம்பில் உளியால் மூன்று கீறல்கள் இருந்தன; அது நின்ற தூணிலும் அதே மூன்று கீறல்கள். அடுத்த பலகையில் நான்கு. கோர்க்கும்போது இடம் மாறாதிருக்க அந்த ஆசாரி போட்டுக்கொண்ட அடையாளம் என்று நினைக்கிறேன். வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. அளவெடுக்க மட்டும் ஞாயிற்றுக்கிழமை கூட வருகிறான்.