யெஸ்: ஆல்பங்கள் 23-ஆ, 21-ஆ, 24-ஆ?

கருந்தட்டு:

மூன்று மாதமாக யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஸ்டுடியோ ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேட்டு வருகிறேன். ஒரு ஆல்பத்துக்கு மூன்று நாள். அது மனதில் படியும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை. 1969-இல் குழுவின் பெயரிலேயே வந்த முதல் ஆல்பத்தில் தொடங்கி, 2023-இல் வந்த 'மிரர் டு தி ஸ்கை'க்கு வரும்போது எண்ணிக்கை 23. குழுவும் அப்படித்தான் எண்ணுகிறது.

எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. 1989-இல் பாடகர் ஜான் ஆண்டர்சன், டிரம்ஸ் பில் புரூஃபோர்ட், கீபோர்டு ரிக் வேக்மன், கிட்டார் ஸ்டீவ் ஹவ் நால்வரும் தங்கள் பெயர்களையே தலைப்பாக வைத்து ஒரு ஆல்பம் போட்டார்கள். 'ஃபிராஜைல்', 'குளோஸ் டு தி எட்ஜ்' இரண்டையும் உருவாக்கிய ஐந்து பேரில் நான்கு பேர் இதில் இருக்கிறார்கள். அட்டைப்படம் யெஸ் அட்டைகளை வரைந்த ரோஜர் டீன் வரைந்ததுதான். 'பிரதர் ஆஃப் மைன்' பத்து நிமிடம் ஓடுகிறது, மூன்று பகுதிகளாக வளர்ந்து வளர்ந்து போகிறது. யெஸ் என்ற சொல் மட்டும் அட்டையில் இல்லை. அந்தப் பெயர் பாஸ் கிட்டார் வாசித்த கிறிஸ் ஸ்குவயர் தரப்பிடம் இருந்தது. விஷயம் வழக்கு வரைக்கும் போனது.

அதே சமயம் 1996, 1997-இல் வந்த 'கீஸ் டு அசென்ஷன்' இரண்டு பாகங்களுக்கும் 15, 16 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் பாதிக்கு மேல் மேடையில் வாசித்த பழைய பாடல்கள். அதற்கு வரிசையில் இடம் உண்டு, முழுக்கப் புதிதாக எழுதிப் பதிவு செய்த 1989 ஆல்பத்துக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? என் அலமாரியில் அது 'பிக் ஜெனரேட்டர்', 'யூனியன்' இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. என் கணக்கில் மொத்தம் 24.

நாலாம் தந்தி:

அண்ணா, நான்கு பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதும் என் கண் அந்த ஐந்தாவது ஆளைத்தான் தேடியது. ஸ்குவயர் இல்லாத யெஸ் எனக்கு யெஸ் இல்லை.

நான் பதினைந்து வருடமாக பாஸ் வாசிக்கிறேன், அதனால் சார்பு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 'ஃபிராஜைல்' கடைசியில் வரும் 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து வேகமாக ஓடிவந்து சட்டென்று நிற்கிறார்கள். அப்புறம் பாஸும் டிரம்ஸும் மட்டும். பின்னால் மெலட்ரான் என்ற கீபோர்டு மெதுவாக மேலே எழும்புகிறது. ஸ்குவயர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், ஒவ்வொரு தடவையும் அழுத்தம் கொஞ்சம் மாறுகிறது. கிட்டார் இல்லை, குரல் இல்லை, ஆனால் பாடல் அங்கேதான் நடக்கிறது. அவருடைய ரிக்கன்பேக்கர் பாஸ் கிட்டாரின் கீழ்ச்சுருதியை ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் மேல்சுருதியை இன்னொன்றுக்கும் பிரித்து அனுப்பி, மேலே உள்ளதை மட்டும் கரகரப்பாக்கி, பிளெக்ட்ரம் வைத்துத் தட்டி எடுத்த ஒலி அது. அதைக் கேட்டுத்தான் நான் கிட்டாரை விட்டுவிட்டு பாஸ் எடுத்தேன்.

1989 ஆல்பத்தில் பாஸ் வாசித்தவர் டோனி லெவின். கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவில் வாசித்த பெரிய கலைஞர். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் அங்கே பாஸ் அடியில் இருந்து தாங்குகிறது. யெஸ்ஸில் பாஸ் முன்னால் நின்று பாடும்.

முதல் ஆல்பத்திலிருந்து 2014-இல் வந்த 'ஹெவன் அண்ட் எர்த்' வரை 21 ஆல்பங்களிலும் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆண்டர்சன் 18, ஹவ் 16, புரூஃபோர்டுக்குப் பின் வந்த டிரம்மர் ஆலன் வைட் 16. 2015 ஜூன் 27 அன்று ஸ்குவயர் காலமானார். என் வரிசை 21-இல் முடிகிறது.

அலைவரிசை:

இரண்டு பேருமே அவரவருக்குப் பிடித்த கலைஞரை வைத்து எல்லை போடுகிறீர்கள். அட்டையில் குழு தன் பெயரைப் போட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. போட்டிருந்தால் உண்டு. இது வறட்டு விதி மாதிரித் தெரியலாம். ஆனால் இந்தக் குழுவின் கதையே ஆள் மாறிக்கொண்டே இருப்பதுதான். முதல் இரண்டு ஆல்பங்களில் கிட்டார் பீட்டர் பேங்க்ஸ். 'டைம் அண்ட் எ வேர்ட்' அமெரிக்கப் பதிப்பின் அட்டைப் புகைப்படத்தில் நிற்பவரோ ஸ்டீவ் ஹவ், அதில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை! 'குளோஸ் டு தி எட்ஜ்' பதிவு முடிந்ததும் புரூஃபோர்ட் கிங் கிரிம்சனுக்குப் போனார். 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' முடிந்து வேக்மன் போனார். 'ரிலேயர்' ஒன்றுக்கு மட்டும் பாட்ரிக் மொராஸ் வந்தார். நீங்கள் எல்லோரும் பொற்காலம் என்று சொல்லும் 1971 முதல் 1974 வரை இந்த மாற்றமெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

எனக்கு மிகப் பிடித்த ஆல்பம் 'டிராமா', 1980. ஆண்டர்சனும் வேக்மனும் விலகிய இடத்துக்கு 'பகிள்ஸ்' என்ற பாப் ஜோடி, டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும், வந்தார்கள். ஆண்டர்சன் குரல் இல்லாமல் யெஸ் உண்டா என்று அன்றைக்கும் இதே சண்டைதான். பிரிட்டன் ஆல்பப் பட்டியலில் அது 2-ஆம் இடம் வரை ஏறியது. 'மெஷின் மெசையா' பத்து நிமிடம் கனத்த கிட்டாரோடு உருண்டு வரும்போது, யாருடைய யெஸ் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

நாலாம் தந்தி:

'டிராமா' எனக்கும் உயிர். 'டெம்பஸ் ஃப்யூஜிட்' பாஸ் வரியை வேகம் குறையாமல் வாசிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. பாடகர் போனாலும் குழு நின்றது, ஏனென்றால் ஸ்குவயர் நின்றார்.

மாலைநேரம்:

நாலாம் தந்தி, உங்கள் விதியை 'யூனியன்' ஆல்பத்தில் வைத்துப் பாருங்கள். 1991, அட்டையில் எட்டுப் பேர். உண்மையில் அது இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பதிவு செய்ததை ஒட்டுப் போட்டது. ஆண்டர்சன் தரப்புப் பாடல்களில் பாஸ் டோனி லெவின்தான், ஸ்குவயர் சிலவற்றில் பின்குரல் மட்டும். அவர் பாஸ் வாசித்தது நான்கே பாடல்களில். போதாக்குறைக்கு ஹவ்வும் வேக்மனும் வாசித்த பல இடங்களைத் தயாரிப்பாளர் ஜோனத்தன் இலையஸ் எடுத்துவிட்டு, வெளிக் கலைஞர்களை வைத்து மறுபடி வாசிக்க வைத்தார். வேக்மன் அதற்குப் பிறகு அதை 'ஆனியன்' என்றே சொல்லி வந்தார், கேட்டால் கண்ணீர் வருகிறது என்று.

இதை 13-ஆவது என்று எண்ணுகிறோம், அலைவரிசை விதிப்படியும் உங்கள் விதிப்படியும். நான்கு பேரும் மனதார உட்கார்ந்து செய்த 1989 ஆல்பம் வெளியே நிற்கிறது. கருந்தட்டு சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் கருந்தட்டு அண்ணா, அந்த ஆல்பத்தை நீங்கள் தூக்கி வைக்கும் உயரம் எனக்குச் சரியாகப் படவில்லை. புரூஃபோர்டின் மின்னணு டிரம்ஸ் இன்றைக்குக் கேட்க உலர்ந்துபோய் இருக்கிறது. 'குளோஸ் டு தி எட்ஜ்' பறவைச் சத்தத்தோடும் நீரோட்டத்தோடும் மெல்ல எழும்பி வந்து வெடிக்கும்போது அவர் தோல் டிரம்மில் அடித்த அடியைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் மனது ஒட்டமாட்டேன் என்கிறது.

கருந்தட்டு:

மாலைநேரம், டிரம்ஸ் ஒலி பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அந்தக் காலப் பதிவுகள் பலவற்றுக்கும் அந்த நோய் உண்டு. ஆனால் 'பர்த்ரைட்' கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனையையும் அந்த மண்ணின் பூர்வகுடிகளையும் பற்றிய பாடல். அதில் ஆண்டர்சன் குரலில் கோபம் இருக்கிறது. எழுபதுகளில் அவர் வானத்தையும் கடலையும் பாடினார். இங்கே ஒரு குறிப்பிட்ட நிலத்தில் ஒரு குறிப்பிட்ட அரசு செய்ததைப் பாடுகிறார். யெஸ் வரிசையில் இந்த இடத்தை நிரப்ப வேறு பாடல் எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசைக்கு ஒரு கேள்வி. 1983-இல் வந்த '90125' எப்படி யெஸ் ஆனது? ஸ்குவயர், ஆலன் வைட், கிட்டார் கலைஞர் டிரெவர் ரேபின், கீபோர்டு கலைஞர் டோனி கே நால்வரும் 'சினிமா' என்ற பெயரில் புதுக் குழுவாகத்தான் அதைத் தொடங்கினார்கள். பாதிக்கு மேல் வேலை முடிந்த பிறகு ஆண்டர்சன் வந்து பாடினார், பெயர் யெஸ் ஆகிவிட்டது. ரேபினுக்கே அதில் விருப்பம் இல்லை. ஆல்பத்தின் தலைப்பு இசைத்தட்டு நிறுவனத்தின் பட்டியல் எண். பெயர் கடைசி நிமிடத்தில் ஒட்டியது என்றால், பெயரை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது?

அலைவரிசை:

கடைசி நிமிடத்தில் ஒட்டியதா, குரல் வந்து சேர்ந்ததும் அது தானாகவே யெஸ் ஆனதா? நான் இரண்டாவதை நம்புகிறேன். 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் போனது. அந்தக் குழுவுக்கு அங்கே கிடைத்த ஒரே முதலிடம். அதனாலேயே பலருக்கு அதன்மேல் ஒரு இளக்காரம். ஆனால் அதே ஆல்பத்தில் 'லீவ் இட்' பாடலில் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதைக் கேளுங்கள். 'யெஸ் ஆல்பம்' காலத்திலேயே ஆண்டர்சனும் ஸ்குவயரும் செய்ததுதான் அது, கருவிகள்தான் வேறு.

அந்தக் குழு 1994-இல் 'டாக்' போட்டபோது ரேபின் அதைக் கணினி வன்தட்டில் நேரடியாகப் பதிவு செய்தார். அன்றைக்கு அப்படிச் செய்தவர்கள் குறைவு. அதன் கடைசியில் வரும் 'எண்ட்லெஸ் டிரீம்' பதினைந்து நிமிடம். அந்த ஆட்களை வெறும் பாப் ஆட்கள் என்று ஒதுக்குபவர்கள் அதை ஒரு தடவை முழுதாகக் கேட்க வேண்டும்.

நாலாம் தந்தி, 2021-இன் 'தி குவெஸ்ட்' பற்றிச் சொல்லுங்கள். அதில் பாஸ் வாசித்த பில்லி ஷெர்வுட் வந்தது ஸ்குவயர் கேட்டுக்கொண்டதால். நோய் தெரிந்ததும் தன் இடத்தில் அவர் நிற்கட்டும் என்று முடிவு செய்தவர் ஸ்குவயரேதான். அவர் கையால் கொடுத்ததை அவர் பெயரைச் சொல்லியே தள்ளுவது சரியா?

நாலாம் தந்தி:

இந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

'தி குவெஸ்ட்' கேட்டேன். தொடக்கத்தில் வரும் 'தி ஐஸ் பிரிட்ஜ்' நன்றாக இருக்கிறது. ஷெர்வுட் ஸ்குவயரின் ஒலியை மதித்து வாசிக்கிறார். 'மிரர் டு தி ஸ்கை' இன்னும் நன்றாக இருக்கிறது, அதன் தலைப்புப் பாடலில் ஹவ்வுக்கு நிதானமாக விரிய இடம் கிடைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், ஸ்குவயர் இருந்த 'ஹெவன் அண்ட் எர்த்'தைவிட இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. அந்த ஆல்பத்தில் எல்லாம் ஒரே நிதான ஓட்டம். ஸ்குவயர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு இவற்றைத் தள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, 23 என்று ஒத்துக்கொள்கிறேன். அவரே கொடுத்துவிட்டுப் போனது என்ற காரணத்துக்காக. 1989 ஆல்பத்துக்கு அவர் கொடுக்கவில்லை. அங்கே என் நிலை மாறாது.

மாலைநேரம்:

வரிசை என்று பேசும்போது 'டேல்ஸ்' பற்றி யாரும் வாய் திறக்காதது எனக்கு வருத்தம். எண் 6. யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலில் வரும் ஒரு அடிக்குறிப்பிலிருந்து ஆண்டர்சன் எடுத்தது: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்கு வகைச் சாத்திரங்கள், அதற்கு இசைத்தட்டின் நான்கு பக்கங்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் அளவில். மிதமிஞ்சிப் போனதற்கு உதாரணமாக அதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வேக்மனுக்கே பிடிக்கவில்லை, மான்செஸ்டர் மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கறி சாப்பிட்ட கதை எல்லோருக்கும் தெரியும்.

சாத்திரத்தை இசை விளக்குகிறதா என்று பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். மூன்றாம் பக்கம் 'தி ஏன்ஷியன்ட்' முக்கால்வாசி தாளமும் கிட்டாருமாக முரண்டு பிடிக்கும், கேட்கவே பொறுமை வேண்டும். பிறகு எல்லாம் அடங்கி, ஹவ் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரை எடுக்கிறார், ஆண்டர்சன் தணிந்த குரலில் பாடுகிறார். அந்த முரட்டுப் பகுதியைத் தாண்டி வந்தவருக்குத்தான் அந்த அமைதியின் அருமை தெரியும். தனியாக வெட்டி எடுத்துக் கேட்டால் அது வேறு ஏதோ ஒரு அழகான பாட்டு, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் நானும் வரிசையாகக் கேட்கிறேன். 'டேல்ஸ்' கேட்டு முடித்தவருக்குத்தான் 'ரிலேயர்' ஏன் அவ்வளவு கோபமாக இருக்கிறது என்று புரியும். அதில் போர்க்காட்சிக்காக ஆண்டர்சனும் வைட்டும் பழைய கார் பாகங்களைக் கொண்டுவந்து தட்டினார்கள். அதற்கப்புறம் வேக்மன் திரும்பி வந்து, சுவிட்சர்லாந்தில் வெவே ஊர்த் தேவாலய ஆர்கனை அவர் அங்கேயே வாசிக்க, தொலைபேசிக் கம்பி வழியாக மாந்த்ரூ ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். 1977-இல் வந்த 'கோயிங் ஃபார் தி ஒன்'னில் 'பேரலல்ஸ்' தொடங்கும்போது கேட்பது அந்த ஆர்கன்தான்.

கருந்தட்டு:

'டேல்ஸ்' விஷயத்தில் ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. மூன்று நாள் போதவில்லை, ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

நாலாம் தந்தி, நீங்கள் 23-க்கு வந்தது எனக்கு மகிழ்ச்சி. நான் 24-லேயே நிற்கிறேன்.

அலைவரிசை:

அப்படியானால் 25-ஐயும் பாருங்கள். 2011-இன் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' ஆல்பத்தில் பாடியவர் பெனுவா டேவிட். 2018-இல் டிரெவர் ஹார்ன் அதே பாடல்களைத் தன் குரலில் பாடி, கலவையையும் மாற்றி 'ரிட்டர்ன் டிரிப்' என்று மறுபடி வெளியிட்டார்கள். தலைப்புப் பாடல் 1980-இலேயே ஹார்னும் டவுன்ஸும் மேடைக்குக் கொண்டுவந்தது. ஒருவகையில் 'டிராமா' குழுவின் இரண்டாவது ஆல்பம் இதுதான். எனக்கு ஹார்ன் குரலில்தான் அது நிறைவாக இருக்கிறது. என் விதிப்படி ஒரே ஆல்பம், எண் 20, இரண்டு பதிப்பு. உங்கள் விதிப்படி?

கருந்தட்டு:

2011 பதிப்பு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. 2018-ஐயும் வாங்கி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். இப்போது 'மேக்னிஃபிகேஷன்' ஓடுகிறது, கீபோர்டு கலைஞர் இல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவோடு. இன்னும் ஒரு நாள் பாக்கி.