கீபோர்டு புளூடூத்தில் சேருது, நோட் வரலை. கேபிள் போட்டா வேற பிரச்சினை. உதவி தேவை

கட்டைப்பிரியன்:
வணக்கம். டிஜிட்டல் கீபோர்டை லேப்டாப்போட புளூடூத்ல சேர்த்தாச்சு, கனெக்டட்னு காட்டுது. ஆனா வாசிச்சா சாஃப்ட்வேர்ல ஒரு நோட்டும் விழமாட்டேங்குது. சரின்னு கேபிள் போட்டா லேப்டாப் ஸ்பீக்கர் ஊமையாயிடுது, கீபோர்டு சத்தமும் என்னமோ மாதிரி இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு டிராக் பதிவு பண்ணணும். சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

பஞ்சமம்:
என்ன கீபோர்டு? விண்டோஸா, மேக்கா? எந்த சாஃப்ட்வேர்? கேபிளை எதுல செருகினீங்க, சதுர போர்ட்டா, தட்டையான போர்ட்டா? தட்டையா இருக்கிறது பென்டிரைவுக்கு. அதுல கம்ப்யூட்டரை மாட்டக் கூடாது. "என்னமோ மாதிரி"ன்னா எப்படி?

வயர்மேன்:
கேபிளை மாத்துங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல டேட்டா கம்பி இருக்காது. புது கீபோர்டுகள்ல டைப்-சி வந்ததுல இருந்து இது பல பேருக்கு நடக்குது. நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஹப் வேண்டாம், லேப்டாப்லயே நேரா மாட்டுங்க.

சுரவரிசை:
இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. கேட்பதற்கு முன் தேடிப் பார்த்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். முதலில் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள்: மிடி என்பது ஒலி அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது போன்ற செய்திகள் மட்டுமே அதில் போகும். ஒலியைக் கம்ப்யூட்டர்தான் உண்டாக்க வேண்டும். டிரைவரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளர் தளத்திலிருந்து மறுபடி நிறுவுங்கள். இது டிரைவர் கோளாறு.

பஞ்சமம்:
சார், எந்த சிஸ்டம்னே தெரியாம டிரைவரை எப்படிக் குறை சொல்றது? அவர் முதல்ல விவரம் சொல்லட்டும்.

கட்டைப்பிரியன்:
விண்டோஸ் 10, எல்எம்எம்எஸ். சதுர போர்ட்தான். புளூடூத் லிஸ்ட்ல கீபோர்டு பேருக்குப் பின்னாடி "ஆடியோ"ன்னு இருக்கு. கேபிள் போட்டு வாசிச்சா கீபோர்டு ஸ்பீக்கர்ல ஒரே நோட் ரெண்டு தடவை கேக்குது, ரெண்டாவது கொஞ்சம் பிந்தி வருது. மாடல் அப்புறம் பார்த்துச் சொல்றேன்.

பஞ்சமம்:
இந்த விவரம் போதும். கேபிளும் நல்லா இருக்கு, டிரைவரும் நல்லா இருக்கு. ரெண்டு தடவை கேக்குறதே அதுக்குச் சாட்சி. நீங்க அழுத்தினதும் கீபோர்டு தன் சொந்த ஒலியை எழுப்புது. அதே நேரம் மிடி செய்தி லேப்டாப்புக்குப் போய், எல்எம்எம்எஸ் ஒரு ஒலியை உண்டாக்கி, அது அதே கேபிள் வழியா திரும்பி வந்து கீபோர்டு ஸ்பீக்கர்ல ஒலிக்குது. உங்க கீபோர்டு யூஎஸ்பி ஆடியோவும் செய்யுது. அதனால விண்டோஸ் அதை ஒரு சவுண்ட் கார்டா எடுத்து, எல்லாச் சத்தத்தையும் அங்கே திருப்பிடுச்சு. லேப்டாப் ஸ்பீக்கர் ஊமையானதுக்கும் இதுதான் காரணம்.

டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வெளியீட்டுக் கருவியா லேப்டாப் ஸ்பீக்கரையோ அதுல மாட்டின ஹெட்போனையோ தேர்ந்தெடுங்க. கீபோர்டு வால்யூமைச் சுழியாக்குங்க. எல்எம்எம்எஸ்ஸை மூடித் திறங்க. அது திறக்கும்போதுதான் கருவிகளைப் பார்க்கும்.

கீபோர்டு ஸ்பீக்கர்லயே கேக்கணும்னா வால்யூமைக் குறைக்காதீங்க, ரெண்டு சத்தமும் சேர்ந்தே குறைஞ்சிடும். கீபோர்டு மெனுவுல லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் பண்ணுங்க. கட்டைக்கும் உள்ளே இருக்கிற ஒலிக்கும் உள்ள தொடர்பு அறும், மிடி வழக்கம்போல வெளியே போகும். மெனுவுல இல்லைன்னா மிடி செய்தியா கன்ட்ரோலர் எண் 122, மதிப்பு 0 அனுப்பினாலும் அதே வேலைதான்.

புது டிராக்ல நோட் விழலைன்னா எல்எம்எம்எஸ் செட்டிங்ஸ்ல மிடிக்கு வின்எம்எம் (விண்டோஸோட பழைய மிடி வழி) இருக்கான்னு பாருங்க. பிறகு அந்த இன்ஸ்ட்ருமென்ட் டிராக்கோட பல்சக்கரப் படத்துல மிடி, இன்புட்னு போய் கீபோர்டு பேரை டிக் பண்ணணும். ஒவ்வொரு டிராக்குக்கும் தனியா.

வயர்மேன்:
சரி, ரெண்டு தடவை கேக்குதுன்னா கேபிள் இல்லை. புளூடூத் ஏன் வேலை செய்யலை?

பஞ்சமம்:
அவர் சேர்த்தது ஆடியோ புளூடூத். அது கீபோர்டை ஒரு ஸ்பீக்கரா மட்டும்தான் ஆக்கும், அதுல நோட் ஒண்ணும் போகாது. மிடிக்கு வேற இணைப்பு. பல கீபோர்டுகள்ல அதே பேரோட "மிடி"ன்னு இன்னொரு வரி வரும். போன்ல ஏதாவது ஆப் அதைப் பிடிச்சு வச்சிருந்தா லேப்டாப்புக்குக் கிடைக்காது, முதல்ல அங்கே துண்டிக்கணும்.

அதைச் சேர்த்தாலும் எல்எம்எம்எஸ்ல தெரியாது. விண்டோஸ் 10 புளூடூத் மிடியைப் புது வழியில தருது. வின்எம்எம் பழைய வழிங்கிறதால அது இதைப் பார்க்காது. நடுவுல லூப்மிடி, மிடிபெர்ரின்னு ரெண்டு சாஃப்ட்வேரை வச்சுப் பாலம் போடணும்: லூப்மிடியில ஒரு போலி போர்ட் உண்டாக்குங்க. மிடிபெர்ரியில இன்புட்டா கீபோர்டு, அவுட்புட்டா அந்தப் போர்ட். எல்எம்எம்எஸ்ல அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுங்க. இன்னைக்கே பதிவு முடியணும்னா இதுல இறங்காதீங்க, கேபிளே போதும்.

சுரவரிசை:
புளூடூத்தில் வாசிப்பதே தவறு. தாமதம் தாங்காது. முறையாக வாசிப்பவர்கள் ஐந்து முள் மிடி கேபிளைத்தான் நம்புவார்கள்.

தாளக்கட்டு:
ஐந்து முள்ளுக்கும் தாமதம் உண்டு சார். வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட்னா 0.32 மில்லிசெகண்ட், ஒரு நோட்டுக்கு மூணு பைட், கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். பத்து விரலும் சேர்ந்து விழுந்தா பத்தாவது நோட் 9.6 மில்லிசெகண்ட் கழிச்சுதான் முழுசா போய்ச் சேரும். ரன்னிங் ஸ்டேட்டஸ் (ஒரே வகைச் செய்தி தொடர்ந்தா முதல் பைட்டைத் திரும்ப அனுப்பாத முறை) இருந்தா 6.7. புளூடூத் மிடியில கருவிகள் பேசிக்கிற இடைவெளி 15 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு விதியே இருக்கு. வாசிக்கவே முடியாத அளவுக்கு ஒண்ணும் இல்லை.

சுரவரிசை:
சராசரி பிரச்சினையில்லை, தடுமாற்றம்தான் பிரச்சினை. ஒரு நோட் 3 மில்லிசெகண்டில் வரும், அடுத்தது 14-ல் வரும். வேகமான ஜதியில் அது கையில் தெரியும்.

தாளக்கட்டு:
அது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். புளூடூத் மிடியில ஒவ்வொரு செய்தியிலும் நேர முத்திரை இருக்கு, வாங்குற மென்பொருள் அதை மதிச்சா பதிவுல நேரம் சரியா விழும். நேரடியா வாசிச்சுக் கேக்கும்போது அது உதவாது. ஆனா பெரும்பாலும் ஆளைக் கொல்லுறது மிடி இல்லை, ஆடியோ பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை வெளியே விடும் முன்ன சேர்த்து வைக்கிற அளவு. நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்துல பஃபரை 512 சாம்பிளா வச்சா 11.6 மில்லிசெகண்ட், 128 வச்சா 2.9. புளூடூத் ஹெட்போன் போட்டுக்கிட்டு வாசிச்சா நூறு, இருநூறு மில்லிசெகண்ட்கூட பிந்தும். அப்போ எந்த மிடி கேபிள் போட்டாலும் பயன் இல்லை.

வயர்மேன்:
பஃபரைக் குறைச்சா கரகரன்னு வெடிக்கும். 256-ல ஆரம்பிச்சு, வெடிக்கிற வரைக்கும் இறக்கி, ஒரு படி மேல நிறுத்துங்க. கொஞ்ச நேரம் சும்மா விட்டா நோட் நின்னுடுதுன்னா விண்டோஸ் பவர் பிளான்ல யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கிற யூஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கிற வசதி) அணைங்க.

கட்டைப்பிரியன்:
லோக்கல் ஆஃப் பண்ணினேன், ஒரே சத்தம்தான் வருது. புது டிராக்ல டிக் பண்ணதும் நோட்டும் விழுது. பதிவு ஆரம்பிக்கிறேன், நன்றி.

பஞ்சமம்:
நல்லது. கேபிளைக் கழட்டின பிறகு கீபோர்டு ஊமையா இருந்தா பயப்படாதீங்க, லோக்கலைத் திரும்ப ஆன் பண்ணணும். பல கீபோர்டுகள் அணைச்சுப் போட்டாலே தானா ஆன் ஆயிடும்.

சுரவரிசை:
மாடல் என்னவென்று இன்னும் சொல்லவில்லை. அடுத்து இதே சிக்கலோடு வருபவர் தேடும்போது அதுதான் உதவும். பதிவு முடிந்ததும் எழுதிவிடுங்கள்.